ஆற்றுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்? அடையாற்றை வைத்து ஓர் எளிய விளக்கம்

சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் மே மாதம் நின்று கீழே பார்த்தால் அடையாறு ஒரு பெரிய வாய்க்கால் மாதிரிதான் தெரியும். நடுவில் கறுப்பாகத் தண்ணீர், ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை, அதற்கு மேலே காய்ந்த சேறும் குப்பையும். இதற்கா இவ்வளவு நீளப் பாலம் என்று தோன்றும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தப் பாலத்தையே வெள்ளம் எட்டியது. போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. தென்சென்னைக்கும் நகரத்தின் மற்ற பகுதிக்கும் இடையே போய்வருவதே பெரும்பாடாகிவிட்டது.

அப்படியானால் அடையாற்றின் அகலம் எது? மே மாதத்தில் பார்த்ததா, டிசம்பரில் பார்த்ததா?

ஆற்றங்கரை நிலத்தைப் பாதுகாப்பதற்கான நகரத் திட்டமிடல் என்று பெரிய பெயரில் சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஆற்றின் அகலம் எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதை வரைபடத்தில் கோடாகப் போட வேண்டும். அப்புறம் அந்தக் கோட்டுக்குள் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று விதி எழுத வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. எங்கே சிக்கல் வருகிறது என்பதைப் பார்ப்போம்.

படுகை என்றால் என்ன?

தஞ்சாவூர்ப் பக்கம் காவிரிக் கரையோரம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓடுகிற தண்ணீருக்கும் உயர்த்திப் போட்ட கரைக்கும் நடுவில் இருக்கும் நிலத்தை அங்கே படுகை என்பார்கள். அதில் வாழை போடுவார்கள், மூங்கில் வளர்ப்பார்கள். வீடு கட்ட மாட்டார்கள். பெருவெள்ளம் வந்தால் அந்த வருட விளைச்சல் போகும். போகட்டும், அடுத்த வருடம் வண்டல் படிந்த மண்ணில் நன்றாக விளையும். அந்த நிலத்தை மனிதர்களும் ஆறும் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லலாம்.

எல்லா ஆற்றுக்கும் படுகை உண்டு. மழைக்காலத்தில் தடம் கொள்ளாத தண்ணீர் பக்கவாட்டில் பரவும் தாழ்ந்த நிலம் அது. அங்கே பரவும்போது தண்ணீரின் வேகம் குறைகிறது. கொஞ்சம் மண்ணில் இறங்கி நிலத்தடி நீராகிறது. மீதி மெதுவாகத் திரும்பி வந்து ஆற்றில் சேர்கிறது. படுகையை அடைத்துக் கட்டடம் எழுப்பினால் அந்தத் தண்ணீர் காணாமல் போய்விடாது. உயரமாக எழும்பும், வேகமாக ஓடும், எதிர்க்கரையிலோ கீழே இருக்கிற ஊரிலோ போய் ஏறும்.

அடையாற்றின் நீளம் சுமார் 42 கிலோமீட்டர்தான். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரில் தொடங்கி, முடிச்சூர், அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக வந்து பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் சேர்கிறது. வழியில் திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் வந்து கலக்கிறது. சின்ன ஆறு, தட்டையான நிலம், முடிவில் அலை ஏறி இறங்கும் கழிமுகம். தட்டை நிலத்தில் தண்ணீர் ஓர் அடி உயர்ந்தாலே பக்கவாட்டில் ரொம்ப தூரம் பரவிவிடும். அதனால் அடையாற்றின் படுகை, ஆற்றைப் பார்த்து நாம் நினைப்பதைவிட மிகப் பெரியது.

பட்டா சுத்தம், ஆனாலும் தண்ணீர் வந்தது

எங்கள் சித்தப்பா முடிச்சூர்ப் பக்கம் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். வாங்குவதற்கு முன் எல்லாம் பார்த்தார். பட்டா இருந்தது. 30 வருட வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தார். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு. வங்கியும் சட்ட ஆலோசகரிடம் காட்டித்தான் கடன் கொடுத்தது. மனையைக் காட்டிய தரகர், “இங்கே பத்தடியிலேயே நல்ல தண்ணீர் சார்” என்று அதையே பெருமையாகச் சொன்னாராம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி தண்ணீர் வாசலில் ஏறி, கூடத்தில் ஏறி, மாடிப்படியில் ஏழாவது படியில் வந்து நின்றது. வீட்டில் இருந்தவர்கள் இரண்டு ராத்திரி மொட்டை மாடியில் இருந்தார்கள்.

அவருடைய பத்திரத்தில் ஒரு தப்பும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஊரில் ஆற்றுக்கு இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று, வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கும் கோடு. கிராம வரைபடத்தில் ஆறு, ஓடை, வாய்க்கால் என்று காட்டி, ‘அ’ பதிவேடு என்ற கிராம நிலக் கணக்கில் நீர்நிலைப் புறம்போக்கு என்று எழுதியிருப்பார்கள். நிலவரி வசூலுக்காக சர்வே செய்த காலத்தில் போட்ட எல்லை அது. எது வரி கட்டும் நிலம், எது கட்டாத நிலம் என்று பிரிப்பதுதான் அதன் வேலை. இரண்டாவது, வெள்ளம் உண்மையில் போய் நிற்கிற கோடு. அது எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பது படுகை. அதில் பெரும்பகுதி பட்டா நிலம்.

ஆக்கிரமிப்பு என்ற பேச்சு வரும்போதெல்லாம் முதல் கோட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். 1905ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டமும் சரி, ஏரிகளைப் பாதுகாக்க 2007இல் வந்த சட்டமும் சரி, அரசு நிலத்தில் இருப்பவரை அகற்றுவதற்கானவை. சித்தப்பா வீட்டை அந்தச் சட்டங்களால் தொட முடியாது, தொடவும் கூடாது. அவர் யாருடைய நிலத்தையும் பிடிக்கவில்லை. அந்த வயல் வீட்டுமனையாக மாறிய நாளிலேயே, இது வெள்ளம் நிற்கும் இடம், குடியிருப்புக்கு ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லும் அதிகாரம் திட்டமிடல் சட்டத்துக்குத்தான் உண்டு. நிலப் பயன்பாடு என்று நகரத்தின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) வண்ணம் பூசிக் காட்டுகிறார்களே, அதுதான் இதற்கான கருவி. மஞ்சள் என்றால் குடியிருப்பு, பச்சை என்றால் விவசாயம் என்று பிரிக்கும்போதே இரண்டாவது கோடும் அந்த வரைபடத்தில் இருந்திருக்க வேண்டும்.

வெள்ளக் கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

100 வருட வெள்ளம் என்ற சொல்லைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பலரும் அதை, 100 வருடத்துக்கு ஒரு தடவை வரும், இப்போது வந்துவிட்டது, இனி நம் பேரன் காலத்தில்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. எந்த ஒரு வருடத்திலும் அந்த அளவு வெள்ளம் வருவதற்கு 100இல் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். ஒரு பையில் 99 வெள்ளைச் சோழி, ஒரு கறுப்புச் சோழி. ஒவ்வொரு வருடமும் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டுவிடுகிறோம். போன வருடம் கறுப்பு வந்தது என்பதால் இந்த வருடம் வராது என்று சொல்ல முடியாது. கணக்குப் போட்டால் 30 வருடத்தில் ஒரு தடவையாவது கறுப்பு வர 26 சதவீத வாய்ப்பு. 25 வருட வெள்ளம் என்றால் வருடத்துக்கு 4 சதவீதம். அந்தக் கோட்டுக்குள் வீடு கட்டியவருக்கு, 20 வருடக் கடன் தீர்வதற்குள் வீட்டுக்குள் வெள்ளம் வர பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. இந்த ஒரு கணக்கை மனை விற்கும் இடத்தில் பலகையில் எழுதி வைத்தாலே போதும் என்று எனக்குத் தோன்றும்.

சரி, கோட்டை எப்படிப் போடுகிறார்கள்? முதலில் மழை அளவுப் பதிவுகள், ஆற்றில் எத்தனை கன அடி ஓடியது என்ற பதிவுகள். அடுத்து நிலத்தின் மேடு பள்ளம். விமானத்திலிருந்து லேசர் கதிர் அனுப்பி, சில சென்டிமீட்டர் வித்தியாசம் வரை அளக்கும் முறை இப்போது இருக்கிறது. இரண்டையும் கணினி மாதிரியில் கொடுத்தால், இவ்வளவு தண்ணீர் வந்தால் எந்தெந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று அது படம் போட்டுக் காட்டும்.

ஆனால் மாதிரி சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அடையாற்றில் 1976இல் வெள்ளம் வந்து கோட்டூர்புரம் குடியிருப்புகளில் முதல் தளம் வரை தண்ணீர் ஏறியது. 1985இல் மறுபடி வந்தது. 2005இல் வந்தது. 2015இல் வந்தது. 40 வருடத்தில் நான்கு தடவை. வெள்ளம் வந்து போன பிறகு கட்டடச் சுவரில் பழுப்பாக ஒரு கோடு நிற்கும், பார்த்திருப்பீர்கள். வெள்ளையடிப்பதற்குள் அதை அளந்துவிட்டால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பழைய ஊர்க்காரர்களின் ஞாபகமும் அப்படித்தான். தாங்கல், ஏரி, ஓடை என்று முடியும் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் அலட்சியம் செய்யக்கூடாது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. அங்கே இருந்த நீளமான ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் பக்கம் குடியிருப்பாக வளர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கோடு ஓரிடத்தில் நிற்காது. மண்ணாக இருந்த இடமெல்லாம் சிமென்ட் ஆனால், முன்பு மண்ணில் இறங்கிய மழை இப்போது நேரே ஆற்றுக்கு ஓடிவரும். மழை அதே அளவுதான், வெள்ளம் மட்டும் பெரிதாகும். அதனால் ஒரு முறை போட்ட கோட்டைச் சில வருடத்துக்கு ஒரு முறை திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

கோட்டுக்குள் எதைக் கட்டலாம்?

கோடு போட்டுவிட்டால் உள்ளே எதுவுமே கூடாது என்றில்லை. இந்திய அரசு 1975இலேயே வெள்ளப்படுகை மண்டலப் பிரிப்புக்கு ஒரு மாதிரிச் சட்ட வரைவைத் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. அதிலிருந்து வளர்ந்த வழிமுறையில் ஒரு நல்ல தர்க்கம் இருக்கிறது: எந்தக் கட்டடம் வெள்ளத்தின்போதும் வேலை செய்தே ஆக வேண்டுமோ, அது ஆற்றிலிருந்து அதிகம் ஒதுங்கி இருக்க வேண்டும். மருத்துவமனை, மின்நிலையம், குடிநீர் நிலையம், தொலைபேசி நிலையம், விமான நிலையம் போன்றவை 100 வருட வெள்ள மட்டத்துக்கு மேலே. வீடுகள், அரசு அலுவலகங்கள், கல்லூரிகள் 25 வருட வெள்ள மட்டத்துக்கு மேலே. அடிக்கடி நனையும் இடத்தில் பூங்காவும் விளையாட்டு மைதானமும். மைதானம் இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் யாருக்கும் உயிர் போகாது.

இந்த அளவுகோலை வைத்துச் சென்னையைப் பாருங்கள். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலம் போட்டு நீட்டப்பட்டது. 2015 டிசம்பரில் ஓடுபாதையில் வெள்ளம் ஏறி, விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. நிவாரணப் பொருள்கள் வந்து இறங்க வேண்டிய நேரத்தில், இறங்க வேண்டிய இடம் தண்ணீரில் கிடந்தது.

1975 வரைவை ஏற்றுத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலங்கள் மிகச் சில. மணிப்பூர் 1978இல் இயற்றியது. ராஜஸ்தானும் உத்தராகண்டும் பின்னால் வந்தன. தமிழ்நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. நிலம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மத்திய அரசு யோசனைதான் சொல்ல முடியும். படுகை நிலம் விலை ஏறிய நிலம். அதில் கட்டடம் கூடாது என்று எழுத எந்த அரசுக்கும் துணிவு வேண்டும்.

கடலோரத்தில் மட்டும் ஒரு விதி இருக்கிறது. கடல் அலை ஏறிவரும் ஆற்றுப் பகுதிக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பொருந்தும். கோடையில் தண்ணீரின் உப்பை அளந்து, ஆயிரத்துக்கு ஐந்து பங்கு இருக்கும் இடம் வரை அதன் எல்லை. 2011 அறிவிக்கையில் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் எது குறைவோ அது என்று இருந்தது. 2019இல் அந்த 100ஐ 50 ஆகக் குறைத்தார்கள். 2015க்கு நான்கே வருடம் கழித்து இந்தக் குறைப்பு வந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நிலத்தின் சொந்தக்காரருக்கு என்ன பதில்? பட்டா நிலத்தைப் படுகை என்று அறிவித்தால் அதன் விலை படுத்துவிடும். அவர் கோர்ட்டுக்குப் போவார், நியாயமும் அவர் பக்கம் இருக்கும். இதற்கு ஒரு வழி, மேம்பாட்டு உரிமையை மாற்றிக்கொடுப்பது. “இந்த இடத்தில் நீங்கள் கட்ட வேண்டாம், இங்கே கட்டியிருக்கக்கூடிய சதுர அடியை வேறு இடத்தில் அனுமதித்த அளவுக்கு மேல் கட்டிக்கொள்ளலாம், அல்லது அந்த உரிமையை விற்றுக்கொள்ளலாம்” என்று சான்றிதழ் கொடுப்பார்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளிலும் இது இருக்கிறது. சாலை அகலப்படுத்தத்தான் நாம் இதை அதிகம் யோசிக்கிறோம். ஆற்றை அகலப்படுத்தவும் இதே கருவி உதவும்.

நைமேகன்காரர்கள் செய்தது

தாமதமாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பவர்களுக்காக ஒரு நெதர்லாந்து ஊரைச் சொல்கிறேன். அந்த நாட்டில் 1993இலும் 1995இலும் ரைன் ஆற்றுக் கிளைகளில் வெள்ளம் கரையின் விளிம்பு வரை வந்தது. 1995இல் சுமார் இரண்டரை லட்சம் பேரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் கரையை உயர்த்தியே பழகிய நாடு அது. கரை உயர உயர, அது உடைந்தால் வரும் அழிவும் பெரிதாகும் என்று புரிந்துகொண்டு, ஆற்றுக்கு இடம் கொடுப்போம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். 30க்கு மேற்பட்ட இடங்களில் வேலை, 230 கோடி யூரோ செலவு.

ரைனின் கிளையான வால் (Waal) ஆறு நைமேகன் நகரத்தில் வளைந்து குறுகுகிறது. ஒரு பக்கம் பழைய நகரம், எதிரே லெண்ட் என்ற கிராமம். லெண்ட் பக்கத்துக் கரையை 350 மீட்டர் பின்னால் தள்ளினார்கள். நடுவில் கிடைத்த இடத்தில் இன்னொரு கால்வாய் வெட்டினார்கள். அதற்காக சுமார் 50 வீடுகள் போயின. அந்த மக்கள் எளிதில் சம்மதிக்கவில்லை, வருடக்கணக்கில் பேச்சு நடந்தது. முடிவில் பெருவெள்ளத்தின்போது நீர்மட்டம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் குறையும் அளவுக்கு இடம் கிடைத்தது. 35 சென்டிமீட்டர்தானா என்று கேட்காதீர்கள். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. வீட்டு வாசற்படிக்கு வெளியே தண்ணீர் நிற்பதற்கும் கட்டில் நனைவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆறும் கால்வாயும் பிரிந்ததில் நடுவில் ஒரு தீவு உண்டானது. இப்போது அங்கே மக்கள் நடக்கிறார்கள், கோடையில் கால்வாயில் நீந்துகிறார்கள். வெள்ளக்காலத்தில் தாழ்ந்த பகுதிகள் முழுகும். அதற்காகவே விட்ட இடம் என்பதால் யாரும் பதறுவதில்லை.

மேலே இருக்கிற ஏரிகள்

ஆற்றங்கரையைக் காப்பாற்ற ஆற்றங்கரையில் மட்டும் வேலை செய்தால் போதாது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விநாடியும் 68 லாரித் தண்ணீரைக் கவிழ்த்தால் அதுதான் 29,000 கன அடி. இது செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் மட்டும். அந்த ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அது போக மற்ற ஏரிகளெல்லாம் கலங்கல் (உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, கடைசியில் அடையாற்றில்தான் சேர்ந்தன.

இந்த ஏரிச் சங்கிலி நம் முன்னோர் வெட்டிய பழைய ஏற்பாடு. மேல் ஏரி நிறைந்தால் போக்குக் கால்வாய் வழியாகக் கீழ் ஏரிக்கு. ஒவ்வொரு ஏரியும் வெள்ளத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் விடும். தூர் நிறைந்து ஏரி ஆழம் குறைந்தால், அல்லது கால்வாயின் மேல் மனைப்பிரிவின் தெரு வந்துவிட்டால், பிடித்து நிறுத்துவது நின்றுபோய் எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஆற்றுக்கு வந்துவிடும். அடையாற்றைச் சைதாப்பேட்டையில் அகலப்படுத்துவதைவிட, மணிமங்கலத்தில் ஒரு போக்குக் கால்வாயை மீட்பது சில சமயம் அதிகம் உதவும்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) எல்லை ரொம்ப காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. ஆற்றுக்குத் தண்ணீர் வரும் நிலத்தில் பல பகுதிகள் அதற்கு வெளியே இருந்தன. 2022இல் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். ஆற்றின் மேல்பகுதியையும் கழிமுகத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க இனி வழி இருக்கிறது. பார்ப்பார்களா என்பது மூன்றாவது முழுமைத் திட்டத்தில் தெரியும்.

கரையில் என்ன இருக்க வேண்டும்?

நாணல், கோரை, நீர்மருது, புங்கை, நாவல். கழிமுகத்தில் அலையாத்தி. வேர்கள் மண்ணைப் பிடிக்கின்றன, தண்டுகள் தண்ணீரின் வேகத்தை உடைக்கின்றன, தெருவிலிருந்து வழியும் அழுக்கில் ஒரு பகுதியைச் செடிகளே வடிகட்டுகின்றன. அடையாறு முகத்துவாரத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சீர்செய்து 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். தண்ணீரும் பறவையும் திரும்பி வந்தன. சென்னையில் நடந்த உருப்படியான வேலைகளில் அது ஒன்று என்பேன்.

ஆற்றங்கரை மேம்பாடு என்று சொல்லிக்கொண்டு இதற்கு நேர்மாறாகச் செய்வதும் உண்டு. அகமதாபாத்தில் சபர்மதியின் இரு கரையிலும் 11 கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்பி, ஆற்றை ஒரே சீரான அகலத்துக்குக் குறுக்கி, சுமார் 200 ஹெக்டேர் நிலத்தை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். நடைபாதை அழகாக இருக்கிறது, மக்கள் மாலையில் கூடுகிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே நிற்கும் தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து வருவது. அதை ஆற்றைப் பாதுகாக்கும் திட்டம் என்று மற்ற நகரங்கள் பார்த்துப் படியெடுக்கும்போதுதான் கவலையாக இருக்கிறது.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள்

இதைப் பேசாமல் ஆற்றங்கரையைப் பற்றிப் பேசக்கூடாது. அடையாற்றுக் கரையில் குடிசை போட்டவர்கள் ஆசைப்பட்டுப் போடவில்லை. வேலை நகரத்தில் இருந்தது, வாடகை கொடுக்கக் காசு இல்லை, யாரும் கேட்காத நிலம் அது ஒன்றுதான். மேடான இடத்தில் ஏழைக்கு வீடு ஒதுக்காத நகரத்தில், ஆற்றங்கரைதான் அவர்களுக்கு மிஞ்சியது. 2015க்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றினார்கள். அது பழைய இடத்திலிருந்து 20, 25 கிலோமீட்டர். வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு பஸ் செலவும் நேரமும் கட்டுப்படியாகவில்லை, பலருக்கு வேலை போனது. நடுப்படிப்பில் பள்ளி மாறிய பிள்ளைகள் பட்ட பாடு தனி. அந்தக் குடியிருப்புகள் நிற்பதும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில். ஒரு வெள்ளப்படுகையிலிருந்து எடுத்து இன்னொரு தாழ்நிலத்தில் வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

வெள்ளக் கோட்டை நேர்மையாகப் போட்டால் அதற்குள் குடிசையும் வரும், மதில் சுவர் வைத்த பெரிய வளாகமும் வரும். புறம்போக்குக் கோட்டை மட்டும் பார்த்தால் குடிசை மட்டும்தான் தெரியும். அதனால்தான் எந்தக் கோட்டை வைத்துப் பேசுகிறோம் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். ஆபத்தான இடத்திலிருந்து மக்களை மாற்றத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. நடந்து போகும் தூரத்தில், அல்லது ஒரே பஸ்ஸில் போகும் தூரத்தில் மேட்டு நிலம் பார்த்து மாற்ற வேண்டும். நகரத்துக்குள் அரசு நிலம் இல்லை என்பார்கள். புதிய அலுவலக வளாகத்துக்கு மட்டும் கிடைக்கிறது.

யாரிடம் கேட்பது?

ஆறு நீர்வளத் துறையுடையது. கரைப் புறம்போக்கு வருவாய்த் துறையுடையது. நிலப் பயன்பாட்டை முடிவு செய்வது சி.எம்.டி.ஏ. மழைநீர் வடிகாலும் குப்பையும் மாநகராட்சி, மேலே போனால் தாம்பரம் மாநகராட்சி, அதற்கும் மேலே ஊராட்சிகள். மறுகுடியமர்வு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். சீரமைப்புப் பணிகளை ஒருங்கிணைக்க சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. ஓர் ஆற்றுக்கு இத்தனை பேர். ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைக் கைகாட்டுவது இங்கே சுலபம்.

நாம் நுழையக்கூடிய ஒரு வாசல் உண்டு. முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானதும், குறிப்பிட்ட காலத்துக்குள் பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் கொடுக்கலாம் என்று 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டம் சொல்கிறது. பெரும்பாலும் அந்த வாசலில் வந்து நிற்பவர்கள், தங்கள் நிலத்தைப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றக் கேட்பவர்கள். இந்த சர்வே எண்ணில் 2015இல் ஆறடித் தண்ணீர் நின்றது, இதைப் படுகையாகக் காட்டுங்கள் என்று கேட்பவர்கள் குறைவு. வெள்ளையடித்த சுவருக்கு அடியில் இருக்கும் கோட்டை அதிகாரிகளால் பார்க்க முடியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

சித்தப்பா வீட்டுக்கு அப்புறம் இரண்டு தடவை வர்ணம் அடித்தாகிவிட்டது. ஏழாவது படிக்குப் பக்கத்துச் சுவரில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு ஆணியால் கீறிய கோடு இருக்கிறது. வர்ணம் அடிக்க வந்தவர்களிடம் அதை மூட வேண்டாம் என்று இரண்டு தடவையும் சொல்லிவிட்டார். போன மாதம் டேப் வைத்துத் தெருவிலிருந்து அதன் உயரத்தை அளந்தோம். சர்வே எண், தெருப் பெயர், தேதி போட்டு, கோட்டின் படத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் கேட்டிருக்கிறோம். இதுவரை பதினொரு வீட்டு அளவு சேர்ந்திருக்கிறது. வரைவு வெளியானதும் கொடுப்பதற்கு.